லேப்டாப் சத்தம் வைஃபை ஸ்பீக்கருக்குப் போகாதது ஏன்?

கேள்வி: என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 லேப்டாப். புதிதாக வாங்கிய வைஃபை ஸ்பீக்கரில், வைஃபை வழியே பாட்டு அனுப்பும் முறைகளான ஏர்பிளே, குரோம்காஸ்ட், டிஎல்என்ஏ மூன்றும், கூடவே ப்ளூடூத்தும் உண்டு. செல்போனில் ஸ்பாட்டிஃபை போட்டால் உடனே பாடுகிறது. லேப்டாப்பின் சவுண்ட் செட்டிங்ஸில் ஸ்பீக்கரின் பெயரே வரவில்லை. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. செல்போன் செய்வதும் நீங்கள் லேப்டாப்பில் எதிர்பார்ப்பதும் வேறு வேறு வேலைகள்.

ஸ்பாட்டிஃபையில் போன் பாட்டை அனுப்புவதே இல்லை. எந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இணையத்திலிருந்து அதை இழுப்பது ஸ்பீக்கர்தான். பாட்டு ஓடும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள், நிற்காது. லேப்டாப்பில் நீங்கள் கேட்பது, அதில் எழும் சத்தத்தை அப்படியே அந்த நொடியில் ஸ்பீக்கருக்குக் கடத்துவது. மேக் கணினியில் ஏர்பிளே உள்ளேயே இருப்பதால் இது ஒரு கிளிக். விண்டோஸில் ஏர்பிளே அனுப்பும் வசதி கிடையாது. சவுண்ட் செட்டிங்ஸில் பெயர் வர வேண்டுமென்றால் ப்ளூடூத்தில் இணைக்க வேண்டும்.

பிரவுசரில் ஓடும் பாட்டு மட்டும் போதுமா? அப்படியானால் எதையும் நிறுவ வேண்டாம். குரோமில் மேலே வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘காஸ்ட், சேவ், அண்ட் ஷேர்’ என்பதற்குள் காஸ்ட் என்பதைத் தேர்ந்து, சோர்ஸஸ் பகுதியில் ‘காஸ்ட் டேப்’ கொடுத்து ஸ்பீக்கரின் பெயரை அழுத்துங்கள். அந்த டேபின் சத்தம் மட்டும் போகும், மற்றதெல்லாம் லேப்டாப்பிலேயே கேட்கும்.

கணினியின் மொத்தச் சத்தமும் போக வேண்டுமென்றால் தனி மென்பொருள் தேவை. ஏர்பிளேக்கு டியூன்பிளேட், டிஎல்என்ஏவுக்கு ‘ஸ்ட்ரீம் வாட் யூ ஹியர்’. இரண்டாவது இலவசம், திறந்த மூலம். நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். சவுண்ட் கார்டுக்குப் போகும் ஒலியை அது நகலெடுத்து, லேப்டாப்பையே ஒரு குட்டி இணைய வானொலியாக்கி, அதன் முகவரியை ஸ்பீக்கரிடம் கொடுக்கிறது. நகல்தான் போகிறது என்பதால் லேப்டாப்பிலும் அதே பாட்டு கேட்கும், அதுவும் ஸ்பீக்கரில் வருவதற்கு முன்னாடியே! எரிச்சலாக இருந்தால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே லேப்டாப்பில் ஒரு இயர்போனைச் செருகிவிடுங்கள்.

மென்பொருளைத் திறந்தும் ஸ்பீக்கர் தெரியவில்லையா? முதல் தடவை விண்டோஸின் காவலாளியான ஃபயர்வால் அனுமதி கேட்டபோது அவசரத்தில் கேன்சல் அழுத்தியிருக்கலாம்; அந்த அனுமதியை இப்போது கொடுங்கள். வைஃபை ப்ராபர்ட்டீஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். ஸ்பீக்கர் கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருந்தாலோ, ரௌட்டரில் ஏபி ஐசொலேஷன் போட்டிருந்தாலோ ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்கவே முடியாது. ஆபீஸ் லேப்டாப் என்றால் விபிஎன்னை (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் தனிப்பாதை) நிறுத்திவிட்டுப் பாருங்கள். பல விபிஎன்கள் வீட்டுக்குள் இருக்கும் மற்ற சாதனங்களை மறைத்துவிடும். ‘நெட் ஸ்லோ’ என்று வேகத்தைக் கூட்டி பில்லை ஏற்றிக்கொள்ள வேண்டாம். சிடி தரத்தில் சுருக்காமல் அனுப்பினாலும் நொடிக்கு 1.4 மெகாபிட்தான், அதுவும் வீட்டு ரௌட்டருக்குள்ளேயே முடிந்துவிடும்.

இனி தாமதம். தடங்கல் வராமலிருக்க ஸ்பீக்கர் கொஞ்சம் ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்கும். பழைய ஏர்பிளேயில் இது சுமார் 2 விநாடி. டிஎல்என்ஏவில் ஸ்பீக்கரைப் பொறுத்துக் கூடவும் செய்யும். பாட்டுக்குப் பரவாயில்லை, படத்தில் உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம். விஎல்சி வீடியோ பிளேயரில் ஜே விசையைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி 50 மில்லிவிநாடி முன்னே வரும். 2 விநாடிக்கு 40 தட்டு! எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஜூம் மீட்டிங்குக்கோ இந்த வழியே வேண்டாம். நீங்கள் பதில் சொல்லத் தொடங்கும்போது எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

படத்துக்கும் மீட்டிங்குக்கும் இயர்போன் துளையில் செருகும் 3.5 மி.மீ. ஆக்ஸ் வயர் போதும், விலையும் சொற்பம். வாங்கப் போகுமுன் ஸ்பீக்கரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: சில மாடல்களில் ஆக்ஸ் துளையே இருக்காது. அப்படியானால் ப்ளூடூத்தில் இணைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தாமதம் உண்டு, ஆனால் விநாடிக் கணக்கில் போகாது.