கேள்வி–பதில்: காலியாக வந்து சேரும் ஹிடன் ஃபீல்டு

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்தின் சேர்க்கைப் படிவத்தில், மாணவர் பட்டியலிலிருந்து பாடத்தை மாற்றியதும் அதன் குறியீட்டையும் கட்டணத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு ஹிடன் ஃபீல்டுகளில் (திரையில் தெரியாத புலங்களில்) எழுதிவிடும். இரண்டுக்கும் 'ரிக்வயர்டு' (கட்டாயம் நிரப்ப வேண்டும்) என்று கொடுத்திருந்தும், பட்டியலில் முதலாவதாக உள்ள டேலியில் சேர்வோரின் பதிவுகள் பல குறியீடு இல்லாமல் வருகின்றன. சிலவற்றில் வேறு பாடத்தின் குறியீடு இருக்கிறது. மேலும், 'மின்னஞ்சலில் தகவல் வேண்டும்' என்னும் செக்பாக்ஸை டிக் செய்யாதவர்களுக்கு, அது நிரப்பப்படவில்லை என்று சர்வரில் ஓடும் எங்கள் பிஎச்பி நிரல் பிழை காட்டுகிறது. எங்கே கோளாறு?
— ஒரு வாசகர்

பதில்: ஹிடன் வகைப் புலத்தைப் பிரவுசர் சரிபார்ப்பதே இல்லை, எச்டிஎம்எல் விதிகளின்படி அதற்கு 'ரிக்வயர்டு' பொருந்தாது. படிவம் திறக்கும்போதே டேலி தேர்வாகியிருப்பதால், அதையே விரும்புபவர் பட்டியலைத் தொடுவதில்லை. பட்டியல் மாறாதவரை உங்கள் ஸ்கிரிப்டும் ஓடாது, குறியீடும் காலியாகவே போகும்.

தவறான குறியீட்டுக்கு, உங்கள் படிவத்தில் ரீசெட் பொத்தான் (எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் திருப்புவது) இருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சாதாரண டெக்ஸ்ட் பெட்டியில் தொடக்க மதிப்பும் பயனர் தட்டிய மதிப்பும் தனித்தனியே இருப்பதால் ரீசெட் பழையதை மீட்டுவிடும். ஆனால் ஹிடன் ஃபீல்டில் ஸ்கிரிப்ட் எழுதுவது தொடக்க மதிப்பின் மீதே எழுதப்படுவதால், மீட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஒருவர் பைத்தானைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரீசெட்டை அழுத்தினால், திரையில் டேலி தெரியும், உள்ளே பைத்தானின் குறியீடு இருக்கும்.

இந்த இரண்டு ஹிடன் ஃபீல்டுகளும் தேவையே இல்லை என்பது என் கருத்து. பாடக் குறியீட்டைப் பட்டியலின் ஒவ்வொரு தெரிவுக்கும் மதிப்பாகக் கொடுத்து, முதல் தெரிவாக 'பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்பதை வெற்று மதிப்புடன் வைத்து, 'ரிக்வயர்டு' என்பதைப் பட்டியலுக்கே கொடுங்கள். பிரவுசர் தன் வேலையைச் செய்யும். கட்டணத்தைப் படிவத்திலிருந்து வாங்கவே வேண்டாம். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த எவரும் 8500 என்ற கட்டணத்தை 85 என்று மாற்றி அனுப்பலாம் என்பதால், வந்த குறியீடு உங்கள் பாட அட்டவணையில் இருக்கிறதா என்று சர்வரில் பார்த்து, கட்டணத்தையும் அங்கிருந்தே எடுங்கள்.

(பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் 'டிஸ்ப்ளே நன்' மூலம் மறைத்த டெக்ஸ்ட் பெட்டி வேறு கதை. அதற்கு 'ரிக்வயர்டு' இருந்து அது காலியாகவும் இருந்தால், படிவம் போகாது. பயனருக்குச் செய்தியும் தெரியாது. மறைக்கும்போதே அதை 'டிசேபிள்' (செயலற்றதாக) செய்துவிடுங்கள்.)

செக்பாக்ஸின் சங்கதி வேறு. டிக் செய்யாத செக்பாக்ஸ் சர்வருக்கு எதையும் அனுப்பாது என்பதால், அதே பெயரில் 0 மதிப்புள்ள ஹிடன் ஃபீல்டு ஒன்றை அதற்கு முன்னால் வைப்பது நல்ல வழக்கம். ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைச் செயலிக் கட்டமைப்பு இதைத் தானாகவே செய்கிறது. ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள் வந்தால் பிஎச்பி கடைசியானதையே வைத்துக்கொள்வதால், வரிசை மாறக் கூடாது. நீங்களும் அப்படி வைத்திருந்து, சர்வரில், காலியா என்று பார்க்கும் பிஎச்பியின் 'எம்ப்டி' ஃபங்ஷனால் சோதிப்பவராக இருந்தால், பிழைக்குக் காரணம் அதுதான்: "0" என்ற எழுத்தையும் அந்த ஃபங்ஷன் காலி என்றே கொள்ளும். அதற்குப் பதிலாக, வந்த மதிப்பு "0" அல்லது "1" தானா என்று நேரடியாக ஒப்பிட்டு, வேறெது வந்தாலும் மறுத்துவிடுங்கள்.