பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை ஏன் 'டைனஸ்டி' என்கிறார்கள்?

டைனஸ்டி என்றால் அரச வம்சம். விளையாட்டில், ஒரே அணி வருடக்கணக்கில் கோப்பையை யாருக்கும் விடாமல் வைத்திருந்தால் அப்படிச் சொல்வார்கள். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் செல்டிக்ஸ் 1957 முதல் 1969 வரை 13 சீசனில் 11 கோப்பை வென்றது, அதில் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு!

முக்கியக் காரணம் அந்த அணியின் வீரர் பில் ரஸல்தான் என்பேன். 1956-இல் பயிற்சியாளர் ரெட் அவர்பாக், இரண்டு நல்ல வீரர்களை செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்து இவரைப் பிடித்தார். எதிரணி கூடையை நோக்கி வீசும் பந்தை மற்ற வீரர்கள் பார்வையாளர் கூட்டத்துக்குள் அடித்துத் தடுப்பார்கள், கைதட்டல் கிடைக்கும், ஆனால் பந்து திரும்ப எதிரணிக்கே போய்விடும்; ரஸல் அதை மெல்லத் தட்டித் தன் ஆளிடம் சேர்ப்பார், அங்கிருந்தே செல்டிக்ஸ் ஓட ஆரம்பித்துவிடும். பக்கத்துத் தெருப் பட்டத்தை அறுப்பது ஒன்று, அறுத்த பட்டம் நம்ம மொட்டைமாடியிலேயே விழுகிற மாதிரி அறுப்பது வேறு. அப்புறம் 1968, 1969 கோப்பைகளை அவரே பயிற்சியாளராகவும் இருந்து, ஆடியும் ஜெயித்தார்.

இப்படிப்பட்டவர் புள்ளிகளைக் குவித்திருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அவருடைய சராசரி ஆட்டத்துக்குச் சுமார் 15 புள்ளிதான்.