கனடாத் தெர்மோஸ்டாட்டைக் கொக்குவில் ஏசியில் பூட்டலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, தன் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட் ஒன்றை, அதாவது அறை வெப்பத்தைப் பார்த்துச் சூடாக்கியையோ ஏசியையோ ஓடவிட்டு நிறுத்தும் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். நேரம் குறித்து வைக்கக்கூடியது. அம்மாவின் அறை ஏசி இரவில் தானாகக் கூடிக் குறைய இதைப் பூட்டலாமா? திரையில் எதுவும் தெரியவில்லை. பார்க்க வந்த ஏசிக்காரர், 110 வோல்ட் கன்வேர்ட்டர் வாங்கினால் வேலை செய்யும் என்கிறார். இது பழுதா, இல்லையா?
வாசகி, கொக்குவில்

பதில்: அந்தக் கன்வேர்ட்டரை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

கனடாச் சாமான் என்றாலே 110 என்று இந்த ஏசிக்காரர்கள் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சுவரில் வருவது 120 வோல்ட் என்பது சரி. ஆனால் இந்தச் சின்னப் பெட்டிக்கு அது வருவதே இல்லை. வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்துக்குள் ஒரு மின்மாற்றி இருக்கிறது. அது 24 வோல்ட்டாகக் குறைத்துத்தான் அனுப்புகிறது. ஆகவே 110 கொடுத்தாலும் கருகும், நம்முடைய 230 கொடுத்தாலும் கருகும். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் எனக்குக் காட்டிய தெர்மோஸ்டாட்டின் முதுகு அடுப்புக்கரியாக இருந்தது. பூட்டியவர் "சாமான் பழசு" என்று சொல்லிவிட்டுக் கூலியையும் வாங்கிப் போயிருந்தார். இங்கே குறடு பிடித்தவரெல்லாம் மின்னியலாளர், கேட்பாரில்லை.

திரை வெறுமையாக இருப்பது பெரும்பாலும் பற்றரிக் குறைதான். முகப்பை மெல்ல இழுத்துக் கழற்றினால் இரண்டு சிறிய பற்றரிகளுக்கு இடம் இருக்கும். பழைய பற்றரி கசிந்து வெண்படலம் பிடித்திருந்தால், பஞ்சில் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். புதிய அல்கலைன் பற்றரி போடுங்கள். பற்றரிக்கு இடமே இல்லையென்றால் 230இலிருந்து 24க்கு இறக்கும் சிறிய மின்மாற்றி வேண்டும். அதன் இரு முனைகளையும் ஆர் (R), சி (C) என்று எழுதிய இடங்களில் கொடுக்க வேண்டும். மாறுமின்சாரம்தான் வேண்டும், இணையப் பெட்டியின் அடப்டர் தருவது நேர்மின்சாரம், அதைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள்.

திரை தெளிந்ததும், பழுதா என்று பார்க்கக் குளிர்ப் பக்கத்துக்கு மாற்றி, அறையைவிட ஐந்து பாகை குறைவாக வையுங்கள். உடனே எதுவும் நடக்காது. ஏசியின் கம்பிரசரை, அதாவது குளிர்வாயுவை அழுத்தும் இயந்திரத்தைக் காக்க ஐந்து நிமிடம்வரை காத்திருக்கும்படி செய்திருக்கிறார்கள்; அதற்குள் "செத்துவிட்டது" என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம். பிறகு "டிக்" என்று ஒரு சத்தம். அப்போது ஆர் (R), வை (Y) என்ற இரண்டு இடங்களுக்கும் இடையே மல்டிமீற்றரை (மின்சாரத்தை அளக்கும் கருவி) வைத்தால் தொடர்பு காட்டும். சூட்டுப் பக்கத்தைப் பார்க்க, அறையைவிடக் கூடுதலாக வைத்து, மல்டிமீற்றரால் ஆரையும் டபிள்யூவையும் (W) தொடுங்கள். அதை விடியற்காலையில் செய்யுங்கள். பல தெர்மோஸ்டாட்டுகள் 32 பாகைக்கு மேல் வைக்க விடாது. சித்திரை மத்தியானத்தில் நம் அறையே அதைத் தாண்டிவிடும், பிறகு அது எதைச் சூடாக்கச் சொல்வது?

ஒரு விதிவிலக்கு. இதில்தான் ஏமாற்று நடக்கிறது. பின்பக்கத்தில் 240 வோல்ட் என்று அச்சிட்டு, தடித்த வயர்களோடு வரும் ஒரு வகை உண்டு. "நம்முடைய கரண்டுக்கே பொருந்தும்" என்று சொல்லி அதையும் ஏசியில் மாட்டுகிறார்கள். அது சுவரடியில் வைக்கும் மின்சூடாக்கிக்கு உரியது. அறை குளிர்ந்தால் மின்சாரத்தை விடும், சூடானால் நிறுத்தும். அதை ஏசிக்குக் கொடுத்தால் வெக்கையில் ஏசி நின்றுவிடும். அறை குளிர்ந்த பிறகு ஓடத் தொடங்கும். இதற்கும் காசு வாங்குகிறார்கள்! பின்பக்கத்து எழுத்தைத் தமிழில் போட்டிருந்தால் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் இருக்கின்றன.

உங்கள் தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருந்தாலும் அம்மாவின் ஏசிக்கு ஆகாது. இது வெறும் ஆளி, அதிலும் ஓர் அம்பியர் அளவே தாங்கும் சிறிய ஆளி. கம்பிரசரின் மின்னோட்டம் அதன் வழியே போனால் உருகிவிடும். நம் ஊர் ஸ்பிளிட் ஏசியில் வெப்பத்தை அளக்கும் சென்சரும் முடிவெடுக்கும் பலகையும் உள்ளேயே இருக்கின்றன. ஆர், வை என்று வயர் கொடுக்க அதில் இடமே கிடையாது.

நீங்கள் கேட்ட வேலையை ரிமோட்டே செய்யும். 26இல் வைத்துப் பிறை நிலாப் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான ஏசிகளில் இரவு ஏற ஏற வெப்பத்தை ஒன்றிரண்டு பாகை தானாகக் கூட்டும். விடியுமுன் நிற்க வேண்டுமென்றால் ரைமரும் அதிலேயே இருக்கிறது. கிழமை நாளுக்கு ஒரு நேரம் வேண்டுமென்றால், ரிமோட் விடும் அதே சமிக்ஞையை ஏசிக்கு அனுப்பும் சிறு கருவி கிடைக்கிறது. ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

தெர்மோஸ்டாட்டைத் தம்பி அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பற்றரியைக் கழற்றிவிட்டு.