மார்கரிட்டா: வீட்டில் செய்தால் ஏன் சொதப்புகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "டூட்டி ஃப்ரீயில் வாங்கிய பொன்னிற டெக்கிலா ஒரு பாட்டில் இருக்கிறது. அதில் 60 மி.லி., கடையில் விற்கும் பாட்டில் எலுமிச்சைச் சாறு 30 மி.லி., ஆரஞ்சு ஜூஸ் 30 மி.லி. எடுத்து, ஐஸோடு சேர்த்து மிக்ஸியில் அடித்தேன். முதல் வாய் ஒரே புளிப்பு, அடியில் ஒரு கசப்பு. ஐந்தே நிமிடத்தில் வெறும் தண்ணீர். விளிம்பில் தடவிய உப்போ கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி. நல்ல பாரில் கொடுக்கும் சுவை வர என்ன செய்ய வேண்டும்?"

மார்கரிட்டா என்ற காக்டெயிலில் மூன்றே பொருள்கள்: டெக்கிலா, ஆரஞ்சு லிக்யூர் (ஆரஞ்சு மணமும் இனிப்பும் சேர்த்த மது), எலுமிச்சைச் சாறு. செய்முறைகளில் எழுதப்படாத நான்காவது பொருள் ஒன்று உண்டு, ஐஸ் உருகி வரும் தண்ணீர். உங்கள் கோப்பையில் மூன்றில் இரண்டு ஆள்மாறிவிட்டன, நான்காவது அளவு மீறிவிட்டது. டெக்கிலாவிலும் குறை உண்டுதான், ஆனால் அது கடைசிக் குற்றவாளி.

முதலில் அந்த ஆரஞ்சு ஜூஸ். மார்கரிட்டாவுக்கு ஆரஞ்சு மணம் வருவது பழத்தின் சுளையிலிருந்து இல்லை, தோலில் இருக்கும் எண்ணெயிலிருந்து. அந்த எண்ணெய் சாராயத்தில் நன்றாகக் கரையும், ஜூஸில் கரையாது. ட்ரிபிள் செக் வகை லிக்யூர்கள் எல்லாமே தோலின் மணத்தை சாராயத்தில் இறக்கி, சர்க்கரை சேர்த்துச் செய்பவை. அந்த வகையில் ஒன்றான, பிரான்சின் ஆன்ஜே ஊரில் பிறந்த குவாண்ட்ரோவில் சாராயம் 40 சதவீதம், சர்க்கரை லிட்டருக்கு 250 கிராம் அளவில் இருக்கும். அந்த இனிப்புதான் எலுமிச்சையின் புளிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆரஞ்சு ஜூஸில் அதில் பாதி இனிப்புகூட இல்லை, போதாததற்குத் தனக்கென்று ஒரு புளிப்பும் வைத்திருக்கிறது. அதை ஊற்றினால் புளிப்போடு புளிப்பு சேரும், பானமும் நீர்த்துப்போகும்.

ஒரு கோப்பைக்கு நாங்கள் சொல்லும் அளவு: டெக்கிலா 50 மி.லி., 40 சதவீத ஆரஞ்சு லிக்யூர் 25 மி.லி., அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சர்க்கரைப் பாகு 5 மி.லி. பாகு என்றால் சம எடை சர்க்கரையும் வெந்நீரும் கலந்து ஆறவைத்தது, அவ்வளவுதான். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். அளக்க பார் சாமான் எதுவும் தேவையில்லை. இருமல் மருந்தோடு வரும் மி.லி. கோடு போட்ட சின்னக் கோப்பை போதும், கழுவிவிட்டு எடுங்கள். கண் அளவை மட்டும் நம்பாதீர்கள். எலுமிச்சையில் 5 மி.லி. கூடினாலே கோப்பையின் குணம் மாறிவிடும்.

சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு டெக்கிலா 50, லிக்யூர் 20, சாறு 15. பாகு கிடையாது. அது காரமான, வறண்ட பானம். டெக்கிலாவின் சுவைக்குப் பழகியவர்களுக்கு அது பிடிக்கும். பல இடங்களில் சொல்லப்படும் இரண்டு பங்கு, ஒரு பங்கு, ஒரு பங்கு என்ற கணக்கு ஞாபகத்தில் வைக்க எளிது. ஆனால் அதில் புளிப்பு தூக்கலாக இருக்கும், நம் எலுமிச்சையைப் போட்டால் இன்னும் தூக்கல். 25 மி.லி. குவாண்ட்ரோவில் இருப்பது 6 கிராம் சர்க்கரைதான். வாய்க்கு இனிப்பாகத் தெரிகிற லிக்யூர் என்பதால் அதுவே போதும் என்று தோன்றும், போதாது. அந்த ஒரு டீஸ்பூன் பாகு இந்தக் குறையைத்தான் நிரப்புகிறது. ஆகவே புளிப்பு அதிகமென்று பட்டால் எலுமிச்சையைக் குறைக்காதீர்கள், டெக்கிலாவைக் கூட்டவும் வேண்டாம். பாகை 2 அல்லது 3 மி.லி. கூட்டிப் பாருங்கள். மலிவான ட்ரிபிள் செக்கில் சாராயம் 15 முதல் 25 சதவீதமே இருக்கும், இனிப்புதான் முன்னால் நிற்கும். கையில் இருப்பது அதுவானால் பாகு வேண்டாம், டெக்கிலாவை 55 ஆக்குங்கள்.

எலுமிச்சை விஷயத்தில் தமிழ்நாட்டுச் சந்தை உங்களுக்குச் சாதகம். நாம் ஊறுகாய் போடும் உருண்டை எலுமிச்சையும், மெக்சிகோவில் டாக்கோ மேல் பிழியும் சின்ன லிமோனும் ஒரே இனம், சிட்ரஸ் ஆரன்டிஃபோலியா. ஆசியாவிலிருந்து மேற்கே போய், ஸ்பானியர் கையால் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பழம் அது. அமெரிக்க பார்களில் பெரும்பாலும் இருப்பது விதையில்லாத, பெரிய பாரசீக லைம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கிடைப்பதும் அதுதான். அதில் புளிப்பு சற்று மட்டு என்பதால் சாற்றை 22 அல்லது 23 மி.லி. வரை ஏற்றலாம். மஞ்சள் நிற லெமன் வேறு பழம். அதைப் போட்டால் பானம் கெட்டுப்போகாது, மார்கரிட்டாவாகவும் இருக்காது.

நடுத்தரமான நாட்டுப் பழம் ஒன்றில் 12 முதல் 20 மி.லி. சாறு வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பிழிந்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும். வெளியே வைத்து, உள்ளங்கையால் மேடையில் உருட்டிவிட்டுப் பிழியுங்கள். விதைகளை வடிகட்டிவிடுங்கள். உங்கள் கோப்பையில் அடித்த கசப்புக்குப் பாட்டில் சாறே காரணமாக இருக்கலாம். கெடாமல் இருக்கச் சூடாக்கியோ மருந்து சேர்த்தோ அடைத்த சாற்றில் அந்தப் பச்சை மணம் போயிருக்கும், புளிப்பும் ஒரு வேகவைத்த வாடையும் நிற்கும். வீட்டில் பிழிந்த சாறும் சும்மா இல்லை. சிட்ரஸ் சாறு நிற்க நிற்க, அதில் இருக்கும் கசப்பில்லாத பொருள் ஒன்று புளிப்பின் வேலையால் லிமோனின் என்ற கசப்பாக மாறும். காலையில் பிழிந்ததை மாலையில் பயன்படுத்தலாம். நேற்றுப் பிழிந்ததை ரசத்தில் விடுங்கள்.

இப்போது டெக்கிலா. அது மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலும் இன்னும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் மட்டுமே செய்ய அனுமதிக்கப்பட்டது. மூலப்பொருள் நீல அகாவே, நம் ஊர் வேலிகளில் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய உறவு. லேபிளில் '100% டே அகாவே' என்று இருந்தால் முழுக்க அகாவேயின் சர்க்கரையிலிருந்து வந்தது. வெறும் 'டெக்கிலா' என்று மட்டும் இருந்தால் அதில் 51 சதவீதம் அகாவே இருந்தால் போதும், மீதி கரும்புச் சர்க்கரை போன்றவற்றிலிருந்து வரலாம். உங்கள் 'கோல்டு' பாட்டில் பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகம். அந்தப் பொன்னிறம் மரப் பீப்பாயில் வந்ததாக இல்லாமல் கேரமல் நிறமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லேபிளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த முறை வாங்குவதானால் 100 சதவீத பிளாங்கோ. பீப்பாயில் வைக்காததால், அல்லது இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுவதால், அகாவேயின் பச்சையும் மிளகு வாசமும் எலுமிச்சைக்கு ஈடுகொடுக்கும். இரண்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை பீப்பாயில் இருந்த ரெபொசாடோவும் நன்றாகவே இருக்கும், கொஞ்சம் வனிலா எட்டிப்பார்க்கும். ஒரு வருடத்துக்கு மேல் ஊறிய அன்யெஹோவை இதில் ஊற்றுவது வீண் செலவு. இருக்கும் கோல்டு பாட்டிலைக் கொட்டிவிட வேண்டாம், மிக்ஸி மார்கரிட்டாவுக்கு அது போதும்.

ஐஸ்தான் வீட்டில் அதிகம் ஏமாற்றும் சங்கதி. பானம் குளிர்வதே ஐஸ் உருகுவதால்தான், ஆகவே கொஞ்சம் தண்ணீர் சேராமல் குளிர்ச்சி வராது. சேரவும் வேண்டும். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் சாராயம் தொண்டையைச் சுடும். 100 மி.லி. கலவை குலுக்கி முடிக்கும்போது 125 மி.லி. ஆவது சரியான இடம். ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த காய்ந்த, பெரிய கட்டிகளானால் இந்த அளவில் தானாகவே வந்து நிற்கும். வெளியே பத்து நிமிடம் வைத்து மேலே நீர் வழியும் கட்டிகளை, அதுவும் சென்னை வெயில் நேரத்தில், போட்டால் குளிர்ச்சிக்கு முன்பே தண்ணீர் உள்ளே போய்விடும். பொடி ஐஸும் அப்படியே.

ஷேக்கர் இல்லையென்றால் அகல வாய் கொண்ட, மூடி இறுகும் ஸ்டீல் பாட்டில் நல்ல மாற்று. கலவையை ஊற்றி, பாட்டிலின் முக்கால் பாகத்துக்கு ஐஸ் நிரப்புங்கள். குறைவாகப் போட்டால் தண்ணீர் குறையும் என்று நினைப்பது தவறு. ஐஸ் குறைந்தால் ஒவ்வொரு கட்டியும் அதிகம் உருகும், குளிரும் வராது. மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். வெளிப்பக்கம் பனி பூத்து, கையில் பிடிக்க முடியாமல் போகும் நேரமே நிறுத்தும் நேரம். டீ வடிகட்டி வழியாக, முன்பே ஃப்ரிட்ஜில் வைத்த கிளாஸில் வடியுங்கள். ஐஸோடு குடிக்கப் பிடித்தால் கிளாஸில் புது ஐஸ் போடுங்கள், குலுக்கிய ஐஸ் பாதி செத்தது.

உப்பு விளிம்பு கெடுவதற்குக் காரணம் தூள் உப்பு. நைசாக இருப்பதால் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு ஒரே வாயில் கரையும். கல் உப்பை உரலில் இரண்டு தட்டு தட்டிக் குருணையாக்குங்கள். எலுமிச்சைத் துண்டை விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதிச் சுற்றுக்கு மட்டும் தேய்த்து, தட்டில் பரப்பிய உப்பில் சாய்த்து உருட்டுங்கள். உள்பக்கம் ஒட்டியதை விரலால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பானத்துக்குள் விழும். பாதியை விடுவது, உப்பு வேண்டாத வாய்க்கு ஒரு பக்கம் இருக்கட்டும் என்றுதான். உப்பு கசப்பை அடக்கும் என்பதால் விளிம்பே பிடிக்காதவர்கள் குலுக்கும்போது ஒரு சிட்டிகை உள்ளே போடலாம். உண்மையில் இதுவே மேல்.

மிக்ஸியில் அடித்த உறைந்த மார்கரிட்டா தனி ரகம், மூலத்தின் அளவை அப்படியே போட்டால் வராது. டல்லாஸ் நகரில் மரியானோ மார்ட்டினெஸ் 1971-இல் ஒரு ஐஸ்கிரீம் இயந்திரத்தைத் திருத்தி இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிகக் குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும், ஐஸோ முழுவதும் உள்ளேயே இருக்கிறது. ஆகவே டெக்கிலா 50, லிக்யூர் 25, சாறு 30, பாகு 20 மி.லி., ஐஸ் 150 கிராம். ஜாரையும் டெக்கிலாவையும் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, விட்டு விட்டு அடியுங்கள். ஓடவிட்டு மறந்தால் பிளேடின் சூடே ஐஸைக் கரைத்துவிடும்.

ஆரஞ்சு லிக்யூர் கிடைக்கவில்லையா? சான் பிரான்சிஸ்கோவின் டாமிஸ் உணவகத்தில் ஹூலியோ பெர்மெஹோ அதை விட்டுவிட்டு அகாவே பாகு சேர்த்தார், அந்த வகை உலகெங்கும் பரவிவிட்டது. டெக்கிலா 60, சாறு 25, அகாவே பாகு 15. பாகும் இல்லையென்றால் இரண்டு ஆரஞ்சின் நிறத்தோலை மட்டும் வெள்ளைச் சதை படாமல் சீவி, 100 கிராம் சர்க்கரையோடு பிசைந்து நான்கு மணி நேரம் மூடி வையுங்கள். 50 மி.லி. வெந்நீர் விட்டுக் கரைத்து வடிகட்டினால் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். 60 டெக்கிலாவுக்கும் 20 சாற்றுக்கும் இதில் 10 மி.லி. போதும், தோல் எண்ணெயின் மணம் கிடைத்துவிடும். இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால், மெக்சிகோவில் டெக்கிலா என்ற ஊரிலேயே லா கபியா பாரில் பிறந்த படாங்காவைக் குடிக்கலாம்: உப்பு விளிம்பு, ஐஸ், டெக்கிலா, அரை எலுமிச்சை, மேலே கோலா. அங்கே கத்தியால்தான் கலக்குவார்கள்.

ஆறு பேருக்கு என்றால் குலுக்கிக்கொண்டே நிற்க வேண்டாம். டெக்கிலா 300, லிக்யூர் 150, சாறு 120, பாகு 30 மி.லி., இவற்றோடு ஐஸுக்குப் பதிலாக 150 மி.லி. குடிநீர். மொத்தம் 750 மி.லி. ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றுங்கள், நிறைய அடைத்தால் உறையும்போது விரியும். ஃப்ரிட்ஜில் குளிர்ந்தபின் ஒன்றரை மணி நேரம் ஃப்ரீசர். எலுமிச்சையை மட்டும் அன்றே பிழிந்து சேருங்கள், மற்றவற்றை முதல் நாளே கலந்து வைக்கலாம்.

ஒரு கோப்பையில் சுமார் 24 கிராம் சாராயம் இருக்கிறது, 30 மி.லி. பெக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை. புளிப்பும் குளிரும் அதை மறைத்துவிடும் என்பதால் வண்டி ஓட்டுபவருக்கு ஒரு கோப்பையே அதிகம். பகலில் மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ எலுமிச்சை பிழிவதாக இருந்தால் இன்னொன்று. தோலில் பட்ட சாற்றின் மேல் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் கொப்புளமும் கருந்தழும்பும் வரும், அமெரிக்காவில் இதற்கு 'மார்கரிட்டா பர்ன்' என்றே பெயர். வீட்டுக்குள்ளேயே பிழிந்து, சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வெளியே போங்கள்.