சிபியு டப்பாவ தொறக்கறதுக்கு முன்னாடி: வந்த கேள்விகளும் என் பதிலும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், கம்ப்யூட்டர்ல சத்தம் வருது, சூடாகுது, சொல்லாம கொள்ளாம ஆஃப் ஆகுது. மீதி பாதி, கிளீன் பண்றேன்னு ஒக்காந்து நாமளே இழுத்து வெச்ச வம்பு. ரெண்டையும் கலந்தே எழுதிருக்கேன்.

எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை தொறந்து கிளீன் பண்ணணும்?

மாசக் கணக்கெல்லாம் வேணாங்க. கேபினெட் (அதான் அந்த சிபியு டப்பா) தரையில கெடந்தா, வீட்ல நாய் பூனை இருந்தா மூணு நாலு மாசத்துலயே அடைச்சுக்கும், மேஜை மேல இருக்கறது ஒரு வருஷம் கூட ஓடும். முன்பக்க ஃபில்டர்ல டார்ச் அடிச்சு பாருங்க, ஓட்டை தெரியாத அளவுக்கு சாம்பல் கலர்ல படிஞ்சிருந்தா தொறங்க. இல்லன்னா ஃபில்டர மட்டும் கழட்டி கழுவி, நல்லா காய வெச்சு மாட்டிட்டு வேற வேலைய பாருங்க. நல்லா ஓடிட்டு இருக்கறத மாசா மாசம் பிரிச்சு மேயறதும் ஒரு வியாதிதான், எனக்கும் இருந்துச்சு.

கேம் ஓப்பன் பண்ணா கால் மணி நேரத்துல ஃபேன் கத்துது, அப்புறம் டப்புனு ஆஃப் ஆயிடுது. மேலாப்ல தொடச்சு பாத்துட்டேன், ஒண்ணும் மாறல.

மேலாப்ல தொடச்சா மாறாதுங்க, ஏன்னா தூசி உக்காந்திருக்கற இடம் வேற. ப்ராசஸர் மேல இருக்கற ஃபேனுக்கும் அதுக்கு கீழ சூட்ட இழுத்துக்கற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல பாருங்க, மேல இருந்து பாத்தா சுத்தமா இருக்கற மாதிரிதான் தெரியும், அந்த ஃபேன மட்டும் தனியா கழட்டுனா (நாலு ஸ்க்ரூ இல்ல ரெண்டு கிளிப்தான்) உள்ள கம்பளித் துணி வெட்டி வெச்ச மாதிரி ஒரு படலம் இருக்கும், விரலால பிடிச்சு இழுத்தா முழுசா ஒரே துண்டா வரும். அது இருக்கற வரைக்கும் ஃபேன் எவ்ளோ வேகமா சுத்துனாலும் காத்து தகடுக்குள்ள போகவே போகாது. நெறைய ப்ராசஸர் 95ல இருந்து 100 டிகிரி கிட்ட வந்தா தானே வேகத்த கொறைச்சுக்கும், அப்பவும் சூடு அடங்கலன்னா தன்ன காப்பாத்திக்க ஆஃப் ஆயிடும்.

செய்முறை இதுதான். ஷட்டவுன் பண்ணுங்க, பின்னாடி பவர் கேபிள புடுங்குங்க, அப்புறம் பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க, உள்ள மிச்சம் மீதி இருக்கற கரண்ட் போயிடும். காத்தோட்டமான எடத்துக்கு தூக்கிட்டு போயிடுங்க, இல்லன்னா அந்த தூசி உங்க மூக்குக்குத்தான். உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி கேபினெட்டோட பெயிண்ட் இல்லாத இரும்பு பாகத்த தொடுங்க, நடுநடுவுலயும் தொட்டுக்கோங்க, உடம்புல இருக்கற ஸ்டாட்டிக் (உரசல்ல சேர்ற கரண்ட்) எறங்கிடும். மெத்துனு இருக்கற பிரஷ்ஷால தகட்டுல தட்டி விட்டு ப்ளோயர் அடிங்க. அடிக்கறப்ப ஃபேன் றெக்கைய ஒரு விரலால பிடிச்சுக்கணும். ப்ளோயர் காத்துல அது விர்ர்னு சுத்தறத பாக்க ஜாலியாத்தான் இருக்கும், ஆனா அதோட அளவுக்கு மீறுன வேகத்துல சுத்துனா பேரிங் காலி, மோட்டார் வேற திருப்பி கரண்ட் உண்டாக்கி போர்டு பக்கம் அனுப்பும்.

இவ்ளோ பண்ணியும் ஆஃப் ஆகுதுன்னா, டெம்பரேச்சர் காட்டற சாஃப்ட்வேர் ஒண்ண ஓட விட்டு பாருங்க. ஆஃப் ஆகற நேரத்துல 70 தான் காட்டுதுன்னா தூசி மேல பழி போடாதீங்க, எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி) பக்கம் சந்தேகப்படுங்க.

வேக்யூம் கிளீனர் வெச்சு உறிஞ்சிடலாமா? ஸ்ப்ரே டப்பா வாங்கணுமா?

வேக்யூம் வேணாம். பிளாஸ்டிக் முனையில தூசி உரசி ஓடறப்ப ஸ்டாட்டிக் சேரும், போர்டுல பட்டா வம்பு. குட்டி ஸ்க்ரூவையும் சேத்து முழுங்கிடும். வெளிய விழுந்த தூசிய அள்ள வேணா வெச்சுக்கோங்க. காத்து ஸ்ப்ரே டப்பா ஓகே, ஆனா நேரா நிக்க வெச்சு அடிங்க, சாய்ச்சா இல்ல கவுத்தா உள்ள இருக்கற திரவம் அப்படியே ஐஸ் மாதிரி வெளிய பீச்சும்.

எஸ்எம்பிஎஸ் உள்ள நெறைய தூசி தெரியுது, கழட்டலாமா?

கூடாது. கேபிள புடுங்குனதுக்கு அப்புறமும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர் சார்ஜ பிடிச்சு வெச்சிருக்கும், தூக்கி அடிக்கும். வெளிய இருந்து கிரில் வழியா காத்து அடிங்க, அவ்ளோதான்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கற பேஸ்ட்ட மாத்தணும்னு சொல்றாங்க, எப்ப மாத்தறது?

கூலர (ஃபேனும் ஹீட்சிங்கும் சேந்தது) கழட்டுனா கண்டிப்பா மாத்தணும். கழட்டலன்னா, தூசி எடுத்தும் சூடு கொறையாம இருந்தா, நாலஞ்சு வருஷம் ஆயிருந்தா மாத்துங்க. பழசயும் புதுசயும் கலக்காதீங்க, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால பழச சுத்தமா தொடச்சிட்டு, நடுவுல ஒரு பட்டாணி அளவு வெச்சா போதும், கூலர் அழுத்தறப்ப அதுவே பரவிக்கும்.

இங்க நான் பட்ட அவமானத்த சொல்லிடறேன். பின்னுங்க ப்ராசஸர் அடியிலயே இருக்கற டைப் அது, பேஸ்ட் காஞ்சு சிமெண்ட் மாதிரி ஒட்டிருக்கு, நான் பாட்டுக்கு கூலர நேரா மேல ஒரு இழு இழுத்தேன், சாக்கெட் லாக் போட்டது போட்டபடி இருக்கு, ப்ராசஸர் கூலரோட ஒட்டிக்கிட்டே வந்துடுச்சு. ஓரத்துல ஆறு பின்னு வளைஞ்சு போச்சு. மைக்ரோ டிப் பென்சில்ல லெட்ட எடுத்துட்டு அந்த முனைய பின்னுல சொருகி ஒண்ணொண்ணா நிமித்தறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு, கடவுள் புண்ணியத்துல பொழச்சுது. நீங்க கழட்டறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டு சூடாக்கிட்டு ஆஃப் பண்ணுங்க, பேஸ்ட் இளகும், அப்புறம் கூலர இடதும் வலதுமா லேசா திருகிட்டு தூக்குங்க.

ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, ஆனா டிஸ்ப்ளே வரல, பீப் பீப்னு கத்துது.

பெரும்பாலும் ரேம்தான், மதர்போர்டுல சொருகிருக்கற மெமரி அட்டை. கேபிள புடுங்கிட்டு ரேம கழட்டி, அந்த தங்க கலர் பட்டைய பென்சில் அழிக்கற ரப்பரால மெதுவா தேய்ங்க, துகள தொடைங்க, ஸ்லாட்டுல காத்து அடிச்சுட்டு கிளிப் டக்குனு விழற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. வாயால மட்டும் ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணொண்ணா போட்டு பாத்தா எது குத்தவாளின்னு தெரிஞ்சுடும்.

டெய்லி டேட், டைம் பழசுக்கு போயிடுது, பிரவுசர் எந்த பக்கத்தையும் தொறக்க மாட்டேங்குது.

மதர்போர்டுல இருக்கற காசு மாதிரி வட்ட பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட், அது செத்துப்போச்சு. தேதி தப்பா இருந்தா சைட்டோட பாதுகாப்பு சான்றிதழ பிரவுசர் நம்பாது, அதான் தொறக்கல. மாத்துறப்ப பிளஸ் பக்கம் மேல. தெனமும் சுவிட்ச் போர்டுலயே ஆஃப் பண்றவங்களுக்கு இது சீக்கிரம் தீரும், ஏன்னா பிளக்ல கரண்ட் இருக்கற வரைக்கும் கடிகாரம் அந்த கரண்ட்லதான் ஓடும்.

ஹார்ட் டிஸ்க்ல கட் கட்னு சத்தம், டீஃப்ராக் பண்ணா சரியாகுமா?

ஐயோ, தொடாதீங்க! முதல்ல முக்கியமான ஃபைல வேற எடத்துல காப்பி பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். டீஃப்ராக்னா சிதறிக் கெடக்கற ஃபைல் துண்டுகள ஒண்ணா அடுக்கறது, அது டிஸ்க்க இன்னும் ஓட ஓட வெரட்டும். எஸ்எஸ்டிக்கும் (சுத்தற தட்டு இல்லாம சிப்புல சேமிக்கற டிஸ்க்) டீஃப்ராக் தேவையே இல்ல, அதுல வீணா எழுதி ஆயுள கொறைக்கறதுதான் மிச்சம்.

மானிட்டர்ல கை ரேகை போகல.

ஆஃப் பண்ணி மைக்ரோஃபைபர் துணி. போகலன்னா துணிய லேசா தண்ணில நனைச்சு தொடைங்க, ஸ்க்ரீன் மேல நேரா அடிக்காதீங்க, வழிஞ்சு ஓரத்துல எறங்கும். கண்ணாடி தொடைக்கற லிக்விட் கோட்டிங்க தின்னுடும்.

நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணேன் சார், இப்ப சுத்தமா ஆன் ஆகல!

பதறாதீங்க. எஸ்எம்பிஎஸ் பின்னாடி குட்டி சுவிட்ச் ஒண்ணு இருக்கும், கிளீன் பண்றப்ப கை பட்டு ஆஃப் ஆயிருக்கும், பத்துக்கு நாலு கேஸ் எனக்கு இப்படித்தான் வருது. அது ஆன்ல இருந்தா 24 பின் பெரிய கனெக்டரையும், ப்ராசஸர் பக்கத்துல மூலைல இருக்கற 4 பின் இல்ல 8 பின் கனெக்டரையும் அழுத்தி பாருங்க, ரேம இன்னொரு தடவை அழுத்துங்க. ஃபேன் சுத்தியும் ஸ்க்ரீன் கருப்பாவே இருந்தா பின்னாடி எட்டி பாருங்க, தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கறப்ப மானிட்டர் கேபிள மதர்போர்டு ஓட்டைல சொருகி வெச்சிருப்பீங்க.