பரிந்துரைச் சீட்டு கைக்கு வந்ததும் கோவைக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் என் அம்மாவுக்கு 44 வயது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துவிட்டு, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இது புற்றுநோய்தானா? நேராகக் கோவைக்கே அழைத்துப் போய்விடலாமா?

பதில்: அந்தச் சீட்டில் ‘வி.ஐ.ஏ. பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கும் என நினைக்கிறேன். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து அந்த இடம் வெளுக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை இது. புண்ணோ கிருமித் தொற்றோ இருந்தாலும் வெளுக்கும் என்பதால், இப்படி அனுப்பப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அது நோய் முடிவன்று. அடுத்த சோதனைக்கான அழைப்பு.

ஊட்டியில் கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் அதே இடத்தைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் சிறிதளவு சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். இதற்காகக் கோவை வரை இறங்க வேண்டியதில்லை. கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 30 கி.மீ.; கோவை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல், அதுவும் மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்துவிடும். கதிர்வீச்சு போன்ற சிகிச்சை தேவை என்று ஆய்வு முடிவு சொன்னால் அப்போது கோவையைப் பற்றி யோசிக்கலாம்.

இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்றிய பின் புற்றுநோய் உருவாகப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், நாளைக்கே புறப்பட வேண்டிய அவசரம் இல்லை. அதற்காக இலைப் பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். அந்த மாதத்து மாதவிலக்கு நாட்கள் முடிந்த அடுத்த வாரம் சென்றால் பரிசோதிக்க வசதியாக இருக்கும். உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவது, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுவது போன்றவை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பாராமல் உடனே செல்லுங்கள். இவற்றை மகளிடம் சொல்லக் கூசும் அம்மாக்கள் அதிகம் என்பதால், தனியாக அமர்த்தி ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

நான் அதிகம் கவலைப்படுவது முதல் பயணத்தைப் பற்றியன்று. சதை எடுத்த பிறகு முடிவு வரச் சில நாட்கள் ஆகும். ஒரு நாள் கூலி ஏற்கெனவே போயிருக்க, வலியும் இல்லாதபோது, முடிவை வாங்க மறுபடியும் பஸ் ஏறப் பலருக்கு மனம் வருவதில்லை. சிகிச்சை எளிதாக இருக்கும் கட்டத்தை நழுவவிடுவது பெரும்பாலும் இங்கேதான்: புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை, பல சமயம் படுக்கையில் சேர்க்காமலேயே, உறையவைத்தோ மின்வளையத்தால் அகற்றியோ குணப்படுத்திவிடலாம். ஆகவே தோட்டத்தில் விடுப்புக் கேட்கும்போதே இரண்டு நாளாகக் கேட்கச் சொல்லுங்கள். மருத்துவமனைப் பதிவில் அம்மாவின் எண்ணோடு உங்கள் செல்பேசி எண்ணையும் எழுதச் செய்யுங்கள்.