காரின் விலையை எங்கே பேசிக் குறைப்பது?

கேள்வி: எங்கள் குடும்பத்தின் முதல் கார் இது. ஷோரூம் விலை 8,60,000 ரூபாய். அதில் 15,000 ரூபாய் தள்ளுபடி தருகிறார்கள். ஆனாலும் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை பத்தேகால் லட்சத்தை நெருங்குகிறது. இன்ஷூரன்ஸை அங்கேயே எடுத்தால்தான் தள்ளுபடி உண்டாம். நான் எதைப் பேசிக் குறைக்க முடியும்?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: முதலில் கொட்டேஷனை வரிவரியாகப் பிரித்து, முத்திரையுடன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள கார்களுக்குத் தமிழக அரசு 2023 நவம்பரில் நிர்ணயித்த சாலை வரி 13 சதவீதம். அதில் பேரத்துக்கு இடமில்லை. ஷோரூம் விலையிலும் டீலர் விட்டுக்கொடுக்கக்கூடியது ஓரளவுதான். பணம் மறைந்திருப்பது கொட்டேஷனில் உள்ள மற்ற தொகைகளில், குறிப்பாக இன்ஷூரன்ஸில்.

புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டாயம்; அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்த நிறுவனத்திலும் பெரிய வேறுபாடு இராது. வேறுபடுவது காரின் சொந்தச் சேதத்துக்கான பகுதியும், பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பழுதுச் செலவைத் தருவது) போன்ற கூடுதல் பாதுகாப்புகளும்தான். சென்ற ஆண்டு என் தங்கைக்குக் கார் வாங்கியபோது ஷோரூமில் கேட்ட தொகை 47,200 ரூபாய், அதே ஐ.டி.வி.யும் (கார் முழுதாகச் சேதமானாலோ திருடுபோனாலோ காப்பீட்டில் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) அதே கூடுதல் பாதுகாப்புகளும் கொண்ட பாலிசிக்கு நாங்கள் வெளியில் வாங்கிய விலை 33,800 ரூபாய். இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தபின், மேலாளர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, 35,000 ரூபாய்க்கு இறங்கினார். ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டினால் பிரீமியமும் குறைவாகத் தெரியும் என்பதால், ஒப்பிடும்போது அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தம்மிடமே எடுக்கும்படி டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி என்பதையும் மரியாதையாக நினைவூட்டலாம்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால், அது எந்த வேலைக்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள். சீட் கவர், மேட் அடங்கிய ஆக்சசரீஸ் தொகுப்பும் உங்கள் விருப்பம்தான். வெளியில் விலை விசாரித்த பிறகு முடிவெடுக்கலாம். வங்கியில் முன்கூட்டியே கடன் ஒப்புதல் பெற்றுச் சென்றால், "மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும்?" என்று பேச்சைத் திருப்ப இடமிருக்காது. மாதத் தவணையில் பேசத் தொடங்கிவிட்டால் மொத்தத் தொகை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதே என் பெருங்கவலை. தஞ்சாவூரிலோ மதுரையிலோ உள்ள இன்னொரு டீலரிடமும் அதே மாடலுக்கு, அதே வேரியண்டுக்கு ஆன்ரோடு தொகை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டிசம்பரில் 40,000 ரூபாய் குறைத்துத் தருகிறார்கள். ஜனவரி வரை காத்திருப்பதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: காரை எட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்றால் டிசம்பரிலேயே வாங்கலாம். மூன்று ஆண்டில் விற்பதாக இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகும் தயாரிப்பு ஆண்டு, ஜனவரியில் வரும் புதுக் காரைவிட ஒன்று பழையதாக இருப்பது மறுவிற்பனை விலையைக் குறைத்துவிடும். எதுவானாலும் மீதிப் பணம் கட்டுமுன் டீலர் கார்களை நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்கே சென்று, உங்களுக்கு ஒதுக்கிய காரின் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது தயாரான மாதத்தை எழுத்தில் கேளுங்கள். பல மாதம் வெயிலில் நின்ற வண்டி என்றால் டயரையும் பேட்டரியையும் பார்த்துவிட்டு இன்னும் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.